யாருக்குக் கடன்?

1

ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்கிறோம். 'கிடைத்தது' என்ற வினைக்குச் செய்தவன் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது, கூட்டத்தில் தரிசனம் கிடைக்கிறது, தொலைந்த சாவி கிடைக்கிறது. வேலையையும் தமிழ் இந்த வரிசையில்தான் வைத்திருக்கிறது. கொஞ்சம் துருவிக் கேட்டால் அதே விஷயம் வேறு உருவம் எடுக்கும்: 'இன்னார் வாங்கிக் கொடுத்தார்.' முதல் வாக்கியம் தெருவில் சொல்வதற்கு. இரண்டாவது வீட்டுக்குள் சொல்வதற்கு. தெருவில் மறைந்துவிடுகிற அந்த இன்னார் வீட்டுக்குள் ஆயுள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கல்யாணப் பத்திரிகை முதலில் அவருக்குப் போகவேண்டும். அவர் சொல்லும் அபிப்ராயங்களுக்குத் தலையாட்ட வேண்டும். அவருக்கு ஜலதோஷம் என்றால் போய்ப் பார்க்க வேண்டும்.

என் கேள்வி எளிமையானது. வேலை கிடைத்தவன் யாருக்குக் கடன்பட்டவன்? வாங்கிக் கொடுத்தவருக்கா? கொடுத்த முதலாளிக்கா? அல்லது அந்த வேலை கிடைக்காமல் போன, அவன் ஒருநாளும் பார்த்திராத இன்னொருவனுக்கா? மூன்றாவது ஆளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவனுக்கு முகம் கிடையாது என்பது ஒரு காரணம். அவனைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் முதல் இரண்டு பேரிடமும் நமக்குள்ள உறவு சங்கடமாகிவிடும் என்பது இன்னொரு காரணம்.

இதை ஆகாயத்தில் வைத்து யோசிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. தியாகராய நகரில் வைத்து யோசிக்கிறேன். வேலை தேடி வருகிறவனுக்கு அங்கே இருக்கிற அளவு விதவிதமான தொழில்கள் சின்ன ஊர்களில் இல்லை. அதோடு, அந்தப் பேட்டையின் பெயர்களெல்லாம் 'யாருக்கு வேலை?' என்ற கேள்வியைக் கேட்டு அரசியல் செய்தவர்களின் பெயர்கள். இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

2

ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் ஜவுளி, நகை, பாத்திரம். சந்துகளில் தையல் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். மாடிகளில் ஆடிட்டர் ஆபீஸ்கள், பதிப்பகங்கள், டியூஷன் வகுப்புகள். மேற்கே கொஞ்சம் தள்ளினால் சினிமா. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில் வாங்க வருகிறவர்கள்தாம் நம் கண்ணில் படுகிறார்கள். விற்க வருகிறவர்கள் கடை திறப்பதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறார்கள்.

பெரிய கடைகளில் வேலை செய்யும் பையன்களும் பெண்களும் பெரும்பாலும் தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து வருகிறவர்கள். தங்க இடமும் சாப்பாடும் கடைக்காரர்களே கொடுப்பது வழக்கம். 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்துக்குப் பிறகு இந்த வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் அக்கறை அவர்கள் வந்து சேர்ந்த விதத்தில். விளம்பரம் பார்த்து வருகிறவர்களும் உண்டு. ஆனால் ஏற்கனவே கடையில் இருக்கும் சித்தப்பா மகன், பக்கத்துத் தெரு அண்ணன், அம்மாவின் தம்பி ஆகியோர் வழியாக வருகிறவர்கள் எக்கச்சக்கம். முன்பு ஒரு போஸ்ட் கார்டு. இப்போது ஒரு போன். 'நம்ம பையன்தான், நான் பொறுப்பு' என்றால் காரியம் முடிந்தது.

ஒரு பாத்திரக் கடையில் எனக்குக் குக்கர் காட்டிக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபது வயதிருக்கும். திருச்செந்தூர்ப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். நின்று நின்று ராத்திரியில் கால் வீங்கிக்கொள்கிறது என்றான். படித்த படிப்புக்கு வேறு இடம் பார்க்கலாமே என்றேன். சிரித்தான். 'மாமாதான் கொண்டாந்து விட்டாவ, சார். நான் பாட்டுக்குப் போயிட்டம்னா அண்ணாச்சி மொகத்துல மாமா எப்பிடி முழிப்பாவ?'

இந்தப் பதிலில் இரண்டு முகங்கள் இருக்கின்றன: மாமாவின் முகம், அண்ணாச்சியின் முகம். பேசுகிறவனின் காலும் படிப்பும் சம்பளமும் அதில் இல்லை. தான் வேலையை விடுவதைத் தன் விஷயமாக அவனால் பார்க்க முடியவில்லை. அது மாமா செய்யும் துரோகமாகிவிடுகிறது. முதலாளியை அண்ணாச்சி என்று கூப்பிடுவதையும் கவனிக்கவேண்டும். அண்ணாச்சியிடம் லீவு கேட்கலாம், கடன் கேட்கலாம். ஓவர்டைம் கணக்குக் கேட்டால் அது குடும்பத்துக்குள் கணக்குக் கேட்பது. உறவுச் சொல் கூலியைப் பாசமாக மாற்றிவிடுகிறது. பாசத்தை எடை போட ஆபீஸோ கோர்ட்டோ கிடையாது.

இதில் பாசாங்கு மட்டுமே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத ஊரில் இறங்குகிறவனுக்கு ராத்திரி படுக்க இடமும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஒரு சொந்தக்காரனும் இருப்பது சின்ன விஷயமில்லை. அப்படி யாரும் இல்லாமல் இறங்கியவர்கள் இருக்கிறார்கள்; அவர்களைக் கேட்டால் மாமாவின் அருமையைச் சொல்வார்கள். சிபாரிசை ஊழல் என்ற ஒரே வார்த்தையில் தூக்கி எறிகிற ஒழுக்கவாதம், சிபாரிசு தேவைப்படாத குடும்பங்களில் பிறக்கிற ஒழுக்கவாதம்.

3

1970ஐ ஒட்டிய வருஷங்களில் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற நடுத்தர ஊரில், மானேஜர், தொழில்நுட்ப நிபுணர் போன்ற வேலைகளிலிருந்தவர்களிடம் அவர்களுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்தவர் மூலமாகத்தான் கிடைத்திருந்தது. விளம்பரமும் ஏஜென்ஸியும் மலிந்த தேசத்தில் இது. அவருக்கே வியப்பளித்த இன்னொன்று, அந்தத் 'தெரிந்தவர்' பெரும்பாலும் நெருங்கியவராக இல்லை என்பது. எப்போதாவது பார்க்கிறவர், பழைய ஆபீஸ் சகா, கல்லூரியில் உடன் படித்தவர். நெருக்கமானவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும்; புதிய சேதி தூரத்திலிருப்பவரிடமிருந்துதான் வரும் என்று அவர் விளக்கினார்.

நியூட்டனையும் ரங்கநாதன் தெருவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சிபாரிசு என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு காரியங்களை அடைத்து வைத்திருக்கிறோம். ஒன்று சேதி: 'அங்கே ஆள் எடுக்கிறார்கள், போய்ப் பார்.' மற்றது ஜாமீன்: 'இவன் நம்மவன், நான் பொறுப்பு.' நியூட்டன்காரர் தந்தது முக்கியமாகச் சேதி. தி.நகர் மாமா தருவது ஜாமீன். சேதி சொன்னவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. ஜாமீன் நின்றவரின் கணக்கு முடிவதில்லை. அவர் தன் முகத்தையல்லவா அடகு வைத்திருக்கிறார்.

ஜாமீனுக்கு ஏன் இத்தனை மதிப்பு? வேலையின் தன்மை ஒரு காரணம். கடைசல் பிடிக்கத் தெரிந்தவனை லேத் முன்னால் நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கல்லாவில் உட்காரப் போகிறவன் யோக்கியனா, அறுபதாவது புடவையைப் பிரித்துக் காட்டும்போதும் முகம் சுளிக்காமல் இருப்பானா என்பதைச் சோதித்துப் பார்க்கக் கருவி கிடையாது. திறமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குணத்துக்கு உத்தரவாதம் கேட்கிறார்கள். குணத்துக்கு உத்தரவாதம் என்று வந்துவிட்டால் நம் ஊரில் அது எங்கே போய் முடியும் என்று தெரியாதா? 'சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்? ஊர்ல எந்தத் தெரு?'

'எந்தத் தெரு' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவன்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன மூன்றாமவன். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. பத்திரிகை விளம்பரங்களுக்குச் சமமான படிப்பும் தகுதியும் காட்டும் மனுக்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. தலித் என்றோ முஸ்லிம் என்றோ காட்டிக்கொடுக்கும் பெயருள்ள மனுக்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. தமிழனுக்குப் பின்பெயர் இல்லையே என்று திருப்திப்படலாம். அந்தத் திருப்திக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். இன்றைக்குப் பாண்டி பஜார் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரிலிருந்து பட்டம் போயிற்று. தெருவைப் பற்றிய கேள்வி பாக்கியிருக்கிறது.

4

கடன் என்றதும் நமக்குக் கர்ணன் நினைவு வரும். தமிழனுக்கு அர்ச்சுனன் மேல் மரியாதை. கர்ணன் மேல்தான் பிரியம். தெருக்கூத்தில் விடிய விடிய அழுதோம். 1964இல் சினிமாக் கொட்டகையில் அழுதோம். செஞ்சோற்றுக் கடன் என்ற சொற்றொடரே அவனுக்காகக் காத்திருந்த மாதிரி இருக்கிறது.

அழுகையைத் துடைத்துக்கொண்டு அந்த அரங்கேற்றக் காட்சியை மறுபடி பார்க்கலாம். வில்வித்தைக்கு ஒரு பொதுப் பரீட்சை. எல்லோர் முன்னிலையிலும் நடக்கிறது. அர்ச்சுனன் செய்து காட்டியதையெல்லாம் கர்ணனும் செய்து காட்டுகிறான். திறமை நிரூபணமாகிவிட்டது. அப்போது கிருபர் எழுந்து கேட்கிறார்: உன் தாய் தந்தை யார், எந்தக் குலம்? பாத்திரக் கடைக் கேள்விதான் இது. கர்ணன் தலை குனிகிறான். அந்த நிமிஷத்தில் துரியோதனன் வந்து அங்க தேசத்தைக் கொடுக்கிறான்.

துரியோதனன் செய்தது நியாயமா? அந்தச் சபையில் அன்றைக்கு நடந்த ஒரே நியாயம் அதுதான் என்று சொல்லவேண்டும். சட்டம் பேசியவர் கிருபர். அநியாயம் அவர் பக்கம் இருந்தது. சட்டத்தைத் தாண்டியவன் துரியோதனன். ஆனால் நியாயம் அன்றைக்கு ஒரு தனிமனிதனின் தயவாக வந்து சேர்ந்தது. தயவாக வந்ததால் கடனாயிற்று. கடனானதால், பிற்பாடு சபையில் திரௌபதியை இழுத்துவந்தபோது கர்ணன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்பது நமக்குத் தெரியும். வட்டி அங்கே வசூலாயிற்று.

கிருபர் அந்தக் கேள்வியைக் கேட்காமலிருந்தால் கர்ணன் யாருக்கும் கடன்பட்டிருக்க மாட்டான். போட்டியிட்டிருப்பான், வென்றோ தோற்றோ வீட்டுக்குப் போயிருப்பான். கிடைக்க வேண்டியது கிடைத்தவன் நன்றி சொல்வது மரியாதைக்காக. உரிமை மறுக்கப்பட்டவனுக்கு அதே பொருள் தானமாக வரும்போது நன்றி ஒரு விலங்காகிவிடுகிறது. நியாயம் எந்த அளவுக்கு இல்லையோ அந்த அளவுக்கு நன்றி கனக்கிறது. செய்ந்நன்றியறிதலுக்குத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அதை மறுக்க நான் யார்? நன்றி எவ்வளவு பெரிய அறம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நாம், இவ்வளவு நன்றி ஏன் தேவைப்பட்டது என்று ஒருமுறையாவது கேட்கவேண்டும் என்பது மட்டுமே என் கட்சி.

நவீன இலக்கியத்தின் கர்ணன் ஒருவரையும் இங்கே சொல்லலாம். காஃப்கா 1908இல் ப்ராக் நகரத்துத் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தில் சேர்ந்தார். யூதர்களுக்கு அநேகமாகக் கதவடைத்திருந்த இடம் அது. பள்ளித் தோழன் ஒருவனின் தகப்பனார் அந்த ஸ்தாபனத்தின் தலைவராக இருந்தார், கதவு திறந்தது. சட்டத்தின் வாசலில் காத்திருப்பவனைப் பற்றி எழுதப்போகிறவர், வாழ்க்கையில் ஒரு வாசலைச் சிபாரிசில் தாண்டியவர். இதனால் காஃப்காவின் மதிப்புக் குறையவில்லை. அதே வாசலில் தோழனின் தகப்பனார் இல்லாமல் திரும்பிப் போன யூத இளைஞர்கள் எத்தனை பேரோ என்ற எண்ணம் மட்டும் வருகிறது. அவர்களில் யாரும் காஃப்காவாக வேண்டியதில்லை. குமாஸ்தாவாக இருந்திருந்தால் போதும்.

5

இனி தி.நகரின் பெயர்கள். தியாகராய செட்டியார், பனகல் அரசர், டாக்டர் நடேச முதலியார், முகமது உஸ்மான்: பேட்டைக்கும் பூங்காக்களுக்கும் ரோட்டுக்கும் பெயர் கொடுத்தவர்கள் நீதிக் கட்சிக்காரர்கள். 1920களில் மாம்பலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இடத்தை நகரமாக்கியபோது அவர்கள் ஆட்சி. இவர்கள் அரசியலின் ஆரம்பம் வேலைக் கணக்கு. 1916 டிசம்பரில் தியாகராய செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையை ஒரு தத்துவப் பிரகடனமாக எதிர்பார்த்துப் படிக்கிறவர் ஏமாந்துபோவார். யாருக்கு எத்தனை உத்தியோகம் என்கிற கேள்வி அதன் நெஞ்சில் இருக்கிறது. அந்த நாட்களில் முன்வைக்கப்பட்ட கணக்குகளில் ஒன்று: 1892க்கும் 1904க்கும் இடையில் மாகாண சிவில் சர்வீஸ் போட்டிப் பரீட்சையில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர்கள்.

இந்தக் கணக்கில் நான் நின்று யோசிக்கிற இடம் 'பரீட்சை' என்ற சொல். சிபாரிசுக்கு மாற்று பரீட்சை என்று நாம் நினைக்கிறோம். விடைத்தாளுக்கு மாமா கிடையாது, முகம் கிடையாது, எந்தத் தெரு என்று அது கேட்காது. ஆனால் பதினாறுக்குப் பதினைந்து என்று முடிவு வரும்போது, அந்தப் பரீட்சைக்கும் எங்கோ ஒரு முகம் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. மூன்று தலைமுறையாகப் புத்தகம் இருந்த வீடு என்பதும் ஒரு சிபாரிசுக் கடிதம்தான். கையெழுத்து மட்டும் இல்லாத கடிதம்.

நீதிக் கட்சி ஆட்சியின் பதில் 1921இன் வகுப்புவாரி ஆணை. காகிதத்தில் இருந்த அதற்கு 1928இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோதுதான் நடைமுறை உருவம் வந்தது. 12 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்துவருக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. 1929இல் சென்னை மாகாணத்துக்குச் சர்வீஸ் கமிஷன் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். இந்த ஏற்பாட்டின் அரசியலைப் பற்றி நூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. தார்மீக ரீதியில் அது செய்த காரியம் ஒன்று உண்டு: முகமில்லாத மூன்றாமவனுக்கு ஒரு எண் கொடுத்தது. அதுவரை அவன் யாருடைய மனத்திலும் இல்லை. எண்ணாகவாவது கணக்கில் வந்தான். தயவு பங்காக மாறியது. பங்கு வாங்குகிறவன் யார் காலையும் தொடவேண்டியதில்லை.

அந்தக் கடைசி 1ஐயும் பார்க்கவேண்டும். தங்கள் தரப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்கசப்போடு எம்.சி. ராஜா 1923இலேயே கட்சியை விட்டு வெளியேறினார். மூன்றாமவனுக்காகப் பேசுகிறவர்களுக்கும் ஒரு மூன்றாமவன் இருக்கிறான். இந்த வரிசை எங்கே முடிகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. முடியாதது என்பதால் தொடங்கியது தப்பாகிவிடாது.

பேட்டைக்குப் பெயர் கொடுத்த தியாகராய செட்டியாரைப் பற்றி ஒரு தகவல். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தபோது கவர்னர் அவரைத்தான் முதல் மந்திரியாகக் கூப்பிட்டார். அவர் மறுத்துவிட்டார், சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். வேலை வேண்டாமென்று சொன்ன ஒருவரின் பெயரால் வழங்கும் பேட்டைக்கு வேலை வேண்டும் என்று தினமும் ரயில் ரயிலாக வந்து இறங்குகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முடிந்தது. செல்வம் இருந்தது என்பது உண்மை. யாருக்கும் கடன்படவில்லை என்பதும் உண்மை.

6

பரீட்சை சுத்தமாக நடந்து, பங்கீடும் சரியாக இருந்துவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? 2022இல் தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 4 பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. மனுப் போட்டவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். கிடைக்காமல் போன லட்சக்கணக்கானவர்களுக்கு யாரும் தீங்கு செய்யவில்லை. ஆனால் யாரும் அவர்களைப் பார்க்கவுமில்லை. மாமா வாங்கிக் கொடுக்கவில்லை என்றால் மாமாவைத் திட்டலாம். விடைத்தாளை யார் திட்டுவது? தோற்றவன் தன்னையே திட்டிக்கொள்கிறான். சிபாரிசு மனிதனைக் கடன்காரனாக்குகிறது என்றால் பரீட்சை அவனைத் தன் முன்னாலேயே குற்றவாளியாக்குகிறது.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' இந்த இடத்தில்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வருகிறான் ஒருவன். அவர்கள் கண்ணெதிரில் புலியாகிக் காட்டுகிறான். பார்க்கிறவர்கள் ஆடிப்போகிறார்கள். அவன் திறமைக்கு அதற்கு மேல் நிரூபணம் வேண்டாம். பிற்பாடு அவனுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அந்த விலாசத்தில் அவன் இல்லை. ஒரு கணம் முழுமையாகப் பார்க்கப்பட்டவன், பிறகு காணாமல் போகிறான். அவனுக்கு ஒரு மாமா இருந்திருந்தால் விலாசமாவது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வேலை கேட்கிறவன் இரண்டைக் கேட்கிறான் என்று தோன்றுகிறது. எனக்குச் சேரவேண்டியதைக் கொடு என்பது ஒன்று. என்னைப் பார் என்பது இன்னொன்று. பரீட்சை முதலாவதை ஓரளவு கொடுக்கிறது, பார்ப்பதில்லை. சிபாரிசு பார்க்கிறது, பார்த்ததற்கு விலை வாங்கிவிடுகிறது. விலை வாங்காமல் பார்ப்பது சாத்தியமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

பல தொழில்கள் உள்ள நகரம் இதற்குப் பாதிப் பதில் சொல்கிறது. கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளலாம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளோடு பட்டறையும் ஃபவுண்டரியும், கிணற்று மோட்டார் பம்பும், பிற்பாடு வெட் கிரைண்டரும் வளர்ந்தன. ஒரு ஃபவுண்டரியில் மோல்டிங் கற்றவன், முதலாளியோடு மனஸ்தாபம் என்றால் அடுத்ததற்குப் போகலாம். தொழில் அவன் கையோடு போகிறது. அது அவனுக்குத் தானே ஜாமீன் நிற்கிறது. நூல் விசிறியாக இதைச் சொல்லவில்லை. அதே வட்டாரத்து நூற்பாலைகளில்தான், மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கிராமத்துப் பெண்களை விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்ட'மும் நடந்தது. அங்கே நன்றிக்குப் பதில் காத்திருப்பு விலங்காயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நகரத்தின் தார்மீக மதிப்பு எதில் இருக்கிறது என்று தெரியும். எத்தனை கதவு வழியாக உள்ளே வரலாம் என்பதைவிட, எத்தனை கதவு வழியாகத் தலை நிமிர்ந்து வெளியே போகலாம் என்பது முக்கியம். தி.நகரில் கடைகள் ஆயிரம். மாமா வழியாக வந்தவனுக்கு வெளியே போக ஒரு கதவுகூட இல்லை.

இன்னொரு பாதிப் பதில் ஒரு முக்காலியில் இருக்கிறது. கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இடம் கொடுக்கவேண்டும் என்று 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் சேர்ந்த கடைப் பெண்கள் பல வருஷம் கேட்டுக் கேட்டு வந்த சட்டம். 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. எத்தனை கடையில் முக்காலி வந்திருக்கிறது, வந்த முக்காலியில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பது தனி விஷயம். நான் பார்ப்பது அந்த முக்காலியின் குணத்தை. அண்ணாச்சி மனமிரங்கிப் போட்ட முக்காலியில் உட்காருகிறவன் அவர் வரும்போது எழுந்து நிற்பான். சட்டம் போட்ட முக்காலியில் உட்காருகிறவன் அப்படியே இருக்கலாம். மரம் ஒன்றுதான், உட்காருகிற மனிதன் வேறு.

மீதி நம்மிடம் இருக்கிறது. சிறுபத்திரிகை உலகத்தில் மாமாவும் அண்ணாச்சியும் இல்லை என்று யாராவது சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும். முதல் தொகுப்புக்கு வாங்குகிற முன்னுரை ஜாமீன் இல்லாமல் வேறு என்ன? முன்னுரை எழுதியவரின் அடுத்த நாவல் மோசமாக இருக்கும்போது கவிஞன் மௌனமாக இருக்கிறான். திறமை கண்ணுக்குத் தெரிந்துவிடும் தொழில் என்று நாம் பெருமைப்படுகிற தொழிலிலேயே இந்த நிலை. நம் விமர்சன மரபில் எத்தனை மௌனங்கள் செஞ்சோற்றுக் கடன் என்று கணக்கெடுத்தால் ஒரு புத்தகம் தேறும். அதற்கும் யாராவது முன்னுரை கொடுப்பார்கள்.

எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் விதி இதுதான். சேதியைக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்வேன். அதில் யாரும் எனக்குக் கடனில்லை. ஜாமீன் நிற்க நேர்ந்தால், நான் பார்த்த வேலைக்கு மட்டும் நிற்பேன். ஊருக்கும் தெருவுக்கும் நிற்கமாட்டேன். நின்றபிறகு, அந்தப் பையனிடம் ஒன்றைச் சொல்லிவிடுவது என் கடமை: 'நீ கொடுக்க வேண்டியது வேலை; அதை முதலாளிக்குக் கொடு. என் முகம் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிடிக்கவில்லை என்றால் போய்விடு.' கர்ணனிடம் துரியோதனன் இதைச் சொல்லியிருந்தால் மகாபாரதம் இவ்வளவு நீண்டிருக்காது. கர்ணனும் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் அப்போது அவன் தங்கியிருந்தது அவனுடைய செயலாக இருந்திருக்கும்.

சிபாரிசு செய்கிறவன் தன் கடனைத் தானே தள்ளுபடி செய்துவிடவேண்டும். வாங்கியவனால் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. அப்புறமும் ஒரு கடன் மிச்சமிருக்கும்: அந்த மூன்றாமவனுக்கு உள்ளது. அதை மாமாவாலும் மருமகனாலும் தீர்க்க முடியாது. தனி ஆள் தயவுக்கு அடங்காத கடன் அது. சட்டமாகவும் பங்காகவும்தான் தீரும். அது தீரும்வரை, கிடைத்தது என்று சொல்லும்போதெல்லாம் யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியை வாக்கியத்தின் மறுபாதியாக வைத்துக்கொள்வதுதான் நாணயம்.